பெஞ்சில் குடித்த டீ

பொள்ளாச்சிக்குத் தெற்கே அந்த ஊரில், கோவிந்தராஜுலுவின் டீக்கடையில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். ஊருக்கு வெளியே வளவில் குடியிருக்கும் மாசாணத்தின் சாதிக்காரர்களுக்குக் கூரையில் செருகிய அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. விலையில் மட்டும் பேதமே கிடையாது! தேங்காய் உரிக்கும் மாசாணம் முப்பது வருடமாக அப்படித்தான் குடித்தார்.

பி.ஏ. படித்த மகள் மதிவதனிக்கு அது பொறுக்கவில்லை. தொண்ணூற்றேழில் கலெக்டருக்கு மனு எழுதினாள். கூடக் கையெழுத்துப் போட வளவில் ஒருவருக்கும் துணிவில்லை. விசாரணையில் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டது மாசாணம் ஒருவர்தான்.

"உள்ளதைச் சொன்னாப் போதுமுங்கப்பா," என்றாள்.

"சொல்லிப்போடறேன் கண்ணு."

தாசில்தாரின் ஜீப் வருவதற்குள் டம்ளர்கள் மாயமாகிவிட்டன. கோவிந்தராஜுலு ரோட்டுக்கே வந்து, "ஏனுங்க மாசாணம், வாங்க, உக்காருங்க," என்று கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். நேற்றுவரை 'டேய்' போட்ட வாய். கண்ணாடி கிளாஸில் ஏடு மிதக்கும் டீ வந்தது. மாசாணம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தாசில்தார் வந்தார். அவர் பின்னால் மதிவதனி நின்றாள்.

"இங்க தனி டம்ளர் வெச்சிருக்காங்களா?"

பாதி டீ உள்ளே போயிருந்தது. உபசரித்தவர் முகத்துக்கு எதிரே குறை சொல்வதா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இத்தனை வருடமும் காசு கொடுத்து அவமானத்தை வாங்கிக் குடித்தது அந்தப் பாழாய்ப்போன மனசுக்கு அப்போது நினைவு வரவில்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்ப உங்க பொண்ணு எழுதுனது?"

"சின்னப்புள்ளைங்க. தெரியாம எழுதிப்போட்டாளுங்க."

எழுதிக்கொண்டார்கள். மாசாணம் கைநாட்டு வைத்தார். மனு பொய் என்று முடிந்தது. மதிவதனி வீட்டுக்கு நடந்தாள்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் கோவிந்தராஜுலு அந்தக் கிளாஸைக் குப்பையில் எறிந்தார். "எந்திரிடா. பெஞ்சைக் கழுவிப்போட்டுப் போ."

மாசாணம் கழுவினார். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்.

வீட்டில் மதிவதனி திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்தார். அவள் தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள்.

"டீ நல்லா இருந்துதுங்களாப்பா?"

அவளிடம் அவருக்குப் பொய் வரவில்லை. "நல்லாத்தான் இருந்துது கண்ணு," என்று சொல்லி, சோற்றைத் தொடாமல் அழுதார்.