தண்ணீரைக் கொட்டிவிடவும்

1

இந்தக் கதை ஒரு சமையல் குறிப்பாகத் தொடங்கியது. மொச்சையும் பட்டர் ஃப்ரூட்டும் சேர்ந்த சாலட். ஒரு மாத இதழ் கேட்டிருந்தது. 'மொச்சையை இரவே ஊறவைக்கவும். மலர வேகவைக்கவும். தண்ணீரைக் கொட்டிவிடவும்.' அந்த மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். கொட்ட மாட்டேன் என்று சட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். அவருக்குக் கிளாடிஸ் என்று பெயர் வைத்தேன்.

2

கிளாடிஸ் மாடித் தோட்டத்தில் தக்காளி பறித்தபோது வானம்

(வானம் வேண்டாம். தக்காளி, வெள்ளரி, கொத்தமல்லி. போதும்.)

சரவணம்பட்டியில் வீடு. கணவர் சத்தியசீலன், பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை டாக்டர் அவரிடம் சொன்னது: கிட்னி பாதிதான் வேலை செய்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. மொச்சை, தக்காளி, பட்டர் ஃப்ரூட் தொடக் கூடாது.

வீட்டில் அவர் சொன்னது:

"ஒண்ணுமில்ல அம்மணி. சத்துக் கொறைவாமா. நல்லாச் சாப்பிடோணுமாமா."

கிளாடிஸின் தம்பி அற்புதத்துக்கும் கிட்னிதான். மூன்று வருடம் டயாலிசிஸ். கிளாடிஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்காக எந்தக் காயானாலும் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய தண்ணீரைக் கொட்டினார். போன வருடம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சொன்னார்: "இன்னொருக்கா அந்த மிசினுக்கு முன்னாடி என்னால உக்கார முடியாதுங்க."

(சத்தியசீலன் அன்பினால் மறைத்தார் என்று எழுதினேன். பயத்தினால் என்று மாற்றினேன். இப்போது இரண்டும் இல்லை. மறைத்தார்.)

3

அக்கா மகன் ஜெஃபின் வால்பாறையிலிருந்து கொடுத்தனுப்பிய பட்டர் ஃப்ரூட், அரிசி டின்னுக்குள் பழுத்திருந்தது. கிளாடிஸ் அதைக் கரண்டியால் வழித்தெடுத்து மொச்சையோடு கலந்தார். நறுக்கிய காய்களைச் சேர்த்து எலுமிச்சை பிழிந்தார்.

"ஏனுங்க, வந்து உக்காருங்க."

"மாட்டுக்கு வெக்கறாப்பல இருக்குது."

"மாடு உங்களவிடத் தெம்பா இருக்குதுங்க."

கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு டம்ளர் வந்தது. மொச்சை வெந்த தண்ணீர், மிளகுத்தூள் போட்டு.

"இது எதுக்கு?"

"சத்தெல்லாம் இதுலதானுங்க. மூணு வருசம் கொட்டிக் கொட்டிக் கை ஓஞ்சுபோச்சு. இனி ஒரு சொட்டுக் கொட்டமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பி போன பிறகு சத்தியசீலன் அந்தச் சிரிப்பைப் பார்ப்பது இதுதான் முதல்முறை.

(இந்த வரியை எடுத்துவிட்டால் எனக்குக் கதை எளிதாகும். எடுக்கவில்லை.)

பட்டர் ஃப்ரூட்டை மட்டும் ஒதுக்கலாமா என்று சத்தியசீலன் யோசித்தார். முடியாது. அற்புதத்துக்கு ஆகாதவற்றின் பட்டியல் கிளாடிஸுக்கு மனப்பாடம். எதை ஒதுக்குகிறார் என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

4

முதலில் எழுதிய முடிவில் கிண்ணம் கைதவறி விழுந்தது. சட்டியில் இன்னும் மொச்சை இருந்தது. கிளாடிஸ் வேறு கிண்ணம் எடுத்துவந்தார்.

அடுத்ததில் கிளாடிஸுக்கு எல்லாம் தெரியும், கணவரைச் சோதிக்கிறார். அடித்துவிட்டேன். அந்தச் சிரிப்புப் பொய்யாகிவிடும்.

மூன்றாவது: சத்தியசீலன் முழுவதும் சாப்பிட்டார். கிளாடிஸ் நாளைக்கும் மொச்சை ஊறப்போட்டார். அன்று மாலை சத்தியசீலனுக்கு

(இதை முடிக்கவில்லை.)

5

அந்த வீட்டில் ஜெபிக்காமல் சாப்பிடுவதில்லை. ஜெபம் கிளாடிஸ், ஆமென் சத்தியசீலன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஆமென் கேட்கும்வரை கிளாடிஸ் கண் திறப்பதில்லை.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும். இது இவருக்கு மருந்தாக இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன், பிதாவே."

ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று பொருள். இதுவரை அவர் அதை யோசித்துச் சொன்னதில்லை. இப்போது வாயைத் திறந்தார்.

அந்த வாயிலிருந்து ஆமென் வருகிறதா, உண்மையைச் சொல்ல அம்மணி என்ற அழைப்பு வருகிறதா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் கிளாடிஸ் கண் திறக்கும் இடத்தில் என்னால் இருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

என் நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.

கண்ணைத் திறக்காமலே கிளாடிஸ் கேட்கிறார்:

"ஏனுங்க?"