பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் குப்பைத்தொட்டி

1

இந்தக் கதை எனக்குக் குப்பைத்தொட்டியிலிருந்து கிடைத்தது. விமரிசகர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வாசலில் ஒரு நாற்காலி உண்டு. முந்தைய மாணவர் காரோடும் உயிரோடும் திரும்பும் வரை நான் அதில் காத்திருப்பேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். நன்றாக உடுத்திய, படித்த களை சொட்டும் ஆட்கள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து தனித்தனியாக வருகிறார்கள். தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். கைப்பையிலிருந்து எதையோ எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த நிம்மதியோடு திரும்பிப் போகிறார்கள்.

பக்கத்துக் கட்டடம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சின்னது. சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்றே நடப்பது. அதன் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘குப்பைத்தொட்டியே இல்லாத பள்ளி.’

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். அந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் பள்ளியின் மொட்டைமாடித் தோட்டத்தைத் தழுவிய அந்த இனிய—’

வேண்டாம். கதிரவனுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இரண்டாவது வரைவு: ‘மானுடம் தன் பேராசையால் பூமிப்பந்தையே ஒரு குப்பைமேடாக மாற்றிவிட்ட இந்நாளில்—’

இதை என் வீட்டுக்காரர் படித்தார். “இதுக்கு எத்தனை மார்க்கு?” என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது: ‘தலைமையாசிரியை வறுவல் தின்றுகொண்டிருந்தார்.’

இது இருக்கட்டும்.

3

தலைமையாசிரியை உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார். அறைக் கதவு சாத்தியிருந்தது. பாக்கெட் பிரிக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தார். ஒவ்வொரு வில்லையையும் கடிக்காமல் நாக்கில் வைத்து ஊறவிட்டு விழுங்கினார். மொறுமொறுப்புக்காகவே தின்கிற பண்டத்தை மொறுமொறுப்பில்லாமல் தின்னும் கொடுமை உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தின்று முடித்ததும் காலிப் பாக்கெட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார். மாலையில் வீட்டுக்குப் போகும்போது ஓட்டுநர் பள்ளியின் தொட்டியில் போட்டுவிடுவார்.

(இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். முதலில் இந்த அம்மாளை ஒரு போலியாகத்தான் எழுதினேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம், எனக்கும் சுலபமான வேலை பிடிக்கும். ஆனால் எழுத எழுத அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. நான் அவரைக் கேலி செய்ய ஒரு வரி எழுதினால், அவர் அடுத்த வரியில் புழு உரப்பெட்டியின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுகிறார்.)

பழைய அச்சகம் ஒன்றின் இரண்டு மாடிகளில் அந்தப் பள்ளியை அவர்தான் உருவாக்கினார். மற்ற பள்ளிகள் ‘படிப்பு ஏறாது’ என்று கைகழுவிய பிள்ளைகள் அங்கே தெருச் சாக்கடை நீரைச் சோதித்தார்கள், மொட்டைமாடியில் தேனீக்களை எண்ணினார்கள், மழைநீர்த் தொட்டிக்கு வடிகட்டி செய்தார்கள். ‘மட்காத எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது’ என்ற விதியையும் அவரே எழுதினார். அதை மனமார நம்பினார். மத்தியானம் மட்டும், ஒரே ஒரு பாக்கெட். ஒரு மனுஷியின் ஒரு பாக்கெட்டால் என்ன வந்துவிடப் போகிறது?

வரவேண்டியது வந்தது. சின்னப் பள்ளிகளைப் பெரிய பள்ளிகளோடு இணைத்துவிடப் போவதாகக் கல்வி அலுவலகம் அறிவித்தது. ‘குப்பையில்லாப் பள்ளி’ என்ற அங்கீகாரம் கிடைத்தால் மட்டும் இந்தப் பள்ளி தப்பும். அதைத் தரலாமா வேண்டாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது.

4

அந்தச் சமயம் பார்த்து ஓட்டுநர் பள்ளிக்காரர் வந்து நின்றார்.

“டீச்சர், எங்க இடத்துல மொத்தமே மூணு பேரு. நான், என் தம்பி, கணக்கு எழுதற ஒரு அம்மா. டீயத் தவிர ஒண்ணும் உள்ள போறதில்ல. ஆனா தொட்டி மட்டும் கல்யாண வீடு மாதிரி வழியுது. குப்பை வண்டிக்காரர் என்னைப் பார்த்து, ‘அண்ணே, உள்ள ஹோட்டல் எதுவும் நடத்தறீங்களா’ன்னு கேக்கறாரு. உங்க பிள்ளைங்கதான் சாக்கடையையே ஆராய்ச்சி பண்றாங்களே, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்களேன்.”

பிள்ளைகளுக்கு ஒரு புது ஆய்வு என்றால் தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியாது. “அதுக்கென்னங்க, தாராளமா!” என்றார். உடனே தராசைக் கூப்பிட்டார்.

தராசு என்பது ஒரு பெண். பள்ளியின் சுருள்வில் தராசு எப்போதும் அவள் தோளில் தொங்குவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எதைக் கொடுத்தாலும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

“பக்கத்துத் தொட்டியில என்ன விழுது, எங்கேருந்து வருதுன்னு ஒரு வாரம் பாரும்மா. அதிகாரி வர்றப்போ நீயே அவர்கிட்ட விளக்கிச் சொல்லு.”

தராசுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். அவள் போன பிறகு தலைமையாசிரியை பேனா எடுக்கக் கைப்பையைத் திறந்தார். நான்காக மடித்த பாக்கெட் அவரைப் பார்த்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவருக்குச் செலவுகூட இல்லை.

5

அன்று மாலையே ஆசிரியர் கூட்டம் போட்டார். ஆய்வை நிறுத்த ஒரு காரணம் வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று அவர் யோசிப்பதற்குள் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

“அடுத்தவங்க தொட்டியக் கிளறுறது மரியாதையா மேடம்?” என்றார் வேதியியல் டீச்சர்.

“கிருமி இருக்கும்,” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகளைச் சேற்றில் ஓடவிடுகிறவர் அவர்.

“குப்பைங்கறது ஒருத்தரோட அந்தரங்கம்,” என்றார் கணக்கு சார். அவர் தத்துவம் பேசி யாரும் கேட்டதில்லை.

“எப்படியும் அதுல சாக்லேட் தாள்லாம் இருக்காதுங்க,” என்றார் வரலாற்று சார். சாக்லேட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

தலைமையாசிரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தான் ஒருத்திதான் என்று அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார். முதலில் அவருக்கு வந்தது நிம்மதி என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்ததாகத்தான் மற்றது உறைத்தது. பள்ளியில் குப்பை இல்லாமல் போகவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது.

ஆய்வு நிற்கவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அவரவர் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.*

* ‘எல்லா ஆசிரியரும் ஒரே தொட்டியில் போட்டால் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்த்திருப்பார்கள். பார்த்தும் பார்க்காதது போல் இருப்பதற்கு எந்தப் பள்ளியிலும் தனியாகப் பயிற்சி தேவையில்லை.

6

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தராசு தலைமையாசிரியையின் அறைக்கு வந்தாள்.

“கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர்.”

“சொல்லும்மா.”

“பாதிக் கவர்ல சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கு. சிலதுல சிவப்பு மை. டிரைவிங் ஸ்கூல்ல சாக்பீஸே கிடையாது.” கொஞ்ச நேரம் தராசின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள். “பிஸ்கட் கவரெல்லாம் எங்க கிளாஸ் பிள்ளைங்களோடது. அதுல என்னோடதும் இருக்கு. நான் மட்டும்தான் போடறேன்னு நெனச்சேன் டீச்சர்.”

‘நானும்’ என்று சொல்ல வேண்டிய தலைமையாசிரியை கைப்பையை மேசைக்கு அடியில் தள்ளினார்.

“இதை அதிகாரிகிட்ட சொன்னா நம்ம ஸ்கூலை மூடிருவாங்களா?”

“பெரிய ஸ்கூலோட சேர்த்துருவாங்க.”

“நான் முன்னாடி அங்கதான் இருந்தேன். கடைசி பெஞ்சு.” அவள் தராசைத் தோளிலிருந்து இறக்கினாள். “அங்க யாரும் என்னை எதையும் கண்டுபிடிக்கச் சொன்னதே இல்ல. நாளைக்கு நான் சொல்லாம இருந்துடட்டுமா டீச்சர்?”

இங்கே நான் பல வாரம் சிக்கிக்கொண்டேன். ‘உண்மையே வெல்லும் மகளே’ என்று அவர் வாயில் வைத்துப் பார்த்தேன், பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி இருந்தது. ‘சொல்லாதே’ என்று வைத்துப் பார்த்தேன், என் கை அடுத்த வரிக்கு நகரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி ஒரு வார்த்தையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவர் சொன்னது இதுதான்:

“ஒரு நாள் கணக்கு பாக்கியிருக்கில்ல? நாளைக்கும் நிறுத்துப் பாரு.”

கோழைத்தனம்தான். ஆனாலும் அந்த அம்மாளை அப்போதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று.

7

முடிவுகள்.

(அ) அன்று பெருமழை. தொட்டி கவிழ்ந்து எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எழுதத் தெரியாதவருக்கு மழைதான் துணை. அடித்துவிட்டேன்.

(ஆ) குப்பை வண்டி ஒரு நாள் முன்னதாக வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போகிறது. “லாரி வந்து காப்பாத்தற கதையா?” என்றார் வீட்டுக்காரர். இதையும் அடித்துவிட்டேன்.

(இ) அதிகாரி வந்தார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இருமல் மிட்டாயை வாயில் அதக்கியபடியே உரப்பெட்டியைப் பார்த்தார், தேனீக்களைப் பார்த்தார், மழைநீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “பிரமாதம்! பிரமாதம்!” என்றார். ஆனால் அவருடைய இடது கை மட்டும் மூடியே இருந்தது. அதற்குள் மிட்டாய்த் தாள், பிசுபிசுவென்று. அவர் கண் ஒவ்வொரு மூலையாகத் தேடியது.

தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டார். அந்தத் தேடல் அவருக்குத் தெரியாததா?

“ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடறேன்,” என்று அதிகாரி வெளியே போனார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பச்சைத் தொட்டியில் தாளைப் போட்டார்.

தொட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் தராசு உட்கார்ந்திருந்தாள். தாளை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். முள் அசையவில்லை. அவள் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

“சார், இதை எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்குல எழுதறது?”

அதிகாரியின் இருமல் நின்றுவிட்டது.

“நம்ம கணக்குல எழுதும்மா,” என்றது ஒரு குரல். தலைமையாசிரியை வாசலில் நின்றார். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அன்றைய பாக்கெட்டை எடுத்து நீட்டினார். “எல்லாத்தையும் நம்ம கணக்குல எழுது. இது என்னோடது. தினமும் என்னோடது ஒண்ணு இருக்கும். சாரோடதையும் சேர்த்துக்கோ, அவர் நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி.”

அவருக்குப் பின்னால் கணக்கு சார் சட்டைப் பைக்குள் கைவிட்டார். வேதியியல் டீச்சரும் பையைத் திறந்தார். “என்கிட்ட ஒண்ணுமில்லீங்க,” என்றார் வரலாற்று சார்.

தராசு யாருடைய பாக்கெட்டையும் பார்க்கவில்லை. தலைமையாசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

அதிகாரி வாயைத் திறந்தார்.

8

இதோடு நான் விலகிக்கொள்கிறேன். அவர் வாயைத் திறந்தபடியே நிற்கட்டும். விதிப்படி பார்த்தால் அவர் ஒன்று சொல்ல வேண்டும், மனசுப்படி பார்த்தால் வேறொன்று. தன் மிட்டாய்த் தாளை மறைக்க அவர் சொல்லக்கூடியது மூன்றாவது ஒன்று. மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். எதைத் தேர்ந்தெடுக்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியைக் காப்பாற்றுங்கள், அல்லது இணைத்துவிடுங்கள், உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். அவர் வாயில் நீங்கள் எந்த வாக்கியத்தை வைத்தாலும், அதை முதலில் கேட்கப் போகிறவள் அந்தப் பெண். அவள் அதை நிறுத்துப் பார்ப்பாள்.