மூன்றாம் ஓலை

ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் திரவியம் எந்த மூட்டையையும் வாயைத் திறந்து பார்க்கவே மாட்டார். கவிழ்த்துப் போட்டு, அடித் தையலைப் பிரித்து, அங்கிருந்துதான் ஒரு பிடி அள்ளுவார். மேலே பளபளவென்று நல்ல வத்தலைப் பரப்பி, அடியில் சண்டு வத்தலைத் திணித்து அனுப்புகிறவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வரப்போகிற மருமகன், சாப்பிட உட்காரும்முன் முன்பல் மூன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் பொதிந்து வைத்தால் எப்படி இருக்கும்?

ஆன்சன் என்று பேர். பாறசாலைப் பக்கத்துக் குடும்பம். அம்மா நர்ஸ் வேலைக்குக் கனடா போனபோது அவனுக்கு நாலு வயது. அங்கேயே வளர்ந்து, ஐஸ் ஹாக்கி பழகி, சம்பளத்துக்கு விளையாடும் ஆட்டக்காரனாகிவிட்டான். சபைக்காரர் ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். திரவியத்தின் ஒரே மகள் பிரிஸில்லா அவனோடு எட்டு மாதம் போனில் பேசிவிட்டு, "எனக்கு இஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே அவன் வந்து சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தான்.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல நியாயம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று வாசித்துவிட்டு, சபைப் போதகரான ஐயர் தலை நிமிர்ந்து கொஞ்ச நேரம் சபையைப் பார்ப்பார். திரவியத்துக்கு நினைவு தெரிந்து அந்த நேரத்தில் ஒருவரும் எழும்பியதில்லை. ஆனாலும் மூன்று ஞாயிறு கையில் இருக்கிறது. மகளைக் கடல் தாண்டிக் கொடுக்கும்முன் மாப்பிள்ளையின் அடித் தையலைப் பிரித்துப் பார்க்க அது தாராளம் என்று அவர் நினைத்தார்.

முதல் ஓலை முடிந்த அன்று வீட்டில் சாப்பாடு. பல்லைக் கழற்றி வைத்தது அப்போதுதான். "பக்கு பட்டுப் போச்சு மாமா. நாங்க அடிக்கிற ரப்பர் வட்டு" என்று சிரித்தான். திரவியத்தின் மனைவி பொன்னம்மை, "அய்யோ பாவம், என் பிள்ளைக்கு மீனை முள்ளெடுத்துத் தாறேன்" என்று உருகிவிட்டாள். சாப்பிட்டு எழும்பும்போது திரவியத்தின் வலது கால் முட்டு வழக்கம்போல மக்கர் பண்ணியது. ஆன்சன் சட்டென்று கை நீட்டினான். கட்டின பெண்டாட்டிக்குக்கூட இத்தனை வருஷத்தில் தோன்றாதது இவனுக்கு எப்படித் தோன்றியது? ஆளைக் குளிர வைக்கப் பார்க்கிறான் என்று திரவியம் கையை உதறிவிட்டார்.

மறுநாளே பொன்னம்மையின் தம்பி மகன் ஷிபுவின் போன் கடைக்குப் போனார். "இவன் யோக்கியதை என்னன்னு பாருலே."

ஷிபு கம்ப்யூட்டரைத் தட்டினான். "ஒம்பது வருஷம் ஆடியிருக்காரு மாமா. அஞ்சு டீம். கோல் பதினொண்ணு."

"மாசத்துக்கா?"

"மொத்தமே பதினொண்ணுதான். பின்னே, தப்பு செஞ்சா வெளியே கூண்டுல ஒக்கார வைப்பாங்க. அதுல இருந்தது ஆயிரத்து அறுநூத்து நாப்பது நிமிஷம்."

திரவியம் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். இருபத்தேழு மணி நேரத்துக்கு மேலே வந்தது. அடேயப்பா! ஷிபு ஒரு வீடியோவையும் போட்டுக் காட்டினான். ஆன்சன் கையுறையைக் கழற்றி எறிகிறான், எதிராளியின் சட்டையை அவன் தலைக்கு மேலே இழுத்து மாட்டி, குத்து குத்தென்று குத்துகிறான். அவனும் திருப்பி இவன் தலையில் நாலு வைக்கிறான். கூட்டம் எழும்பி நின்று கை தட்டுகிறது.

நேரே ஆன்சனைப் பிடித்துக் கேட்டார். அவன் முகத்தில் வெட்கம் ஒன்றும் இல்லை. "கோல் அடிக்கிறது என் வேலை இல்ல மாமா. எங்க டீம்ல கோல் அடிக்கிற சின்னப் பசங்கள ஒருத்தன் இடிச்சா, நான் போய் அவன இடிப்பேன். அதுக்குத்தான் என்னை வச்சிருந்தாங்க."

நல்ல வேலை! ரௌடிக்குச் சம்பளமும் கைதட்டலும். ஆனால் ரௌடி என்பது மூட்டையின் வாய்தான், அடியில் வேறென்னவோ இருக்கிறது என்று திரவியத்துக்குப் பட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் ஆட்களின் பேரில் தடுமாறினான். பொன்னம்மையை ஒருமுறை "ஓமனா ஆன்ட்டி" என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாம் ஓலை முடிந்த திங்கட்கிழமை அவனைக் கடைக்குக் கூட்டிப்போனார். பேச்சோடு பேச்சாக, "எங்க அம்மைக்கு ஊரு நெய்யூரு" என்று சொல்லி வைத்தார். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டார். "எங்க அம்மைக்கு ஊரு எதுன்னு சொன்னேன்?"

ஆன்சன் விழித்தான். "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன் மாமா" என்று எழும்பிப் போனான். திரும்பி வரும்போதே, "நெய்யூர்" என்றான். திரவியம் சும்மா இருப்பாரா? நொண்டிக்கொண்டே பின்னால் போய் எட்டிப் பார்த்திருந்தார். பயல் நடையில் நின்று ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்த வேஷம்! கனடாவில் ஒரு பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளையும் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சனிக்கிழமை வேண்டுமென்றே மறுபடியும் கடைக்கு வரச் சொன்னார். கடைக்குள் கால் வைத்ததும் திங்கட்கிழமை போலவே மிளகாய் நெடி ஏறி ஆன்சன் தும்மல் மேல் தும்மலாகப் போட்டான். கைக்குட்டையை உருவியபோது சீட்டு மூட்டைமேல் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. திரவியம் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அவன் போன பிறகு பிரித்தார்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. அவர் விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

"அம்மா பொன்னம்மை. ஷுகர் உண்டு. அம்மா சாயாவில் பஞ்சாரை போடாதே. ஷிபு, போன் கடை. அப்பா திரவியம். வலது முட்டு வலி, எழும்பும்போது கை கொடு. அப்பா எல்லாரையும் சந்தேகப்படும். என்னை மட்டும் சந்தேகப்படாது."

அடியில் வேறு மையில், கோணல்மாணலாக, "பாட்டி ஊர் நெய்யூர்" என்று இருந்தது. அது அவன் எழுத்து. மற்றதெல்லாம் பிரிஸில்லாவின் எழுத்து. பள்ளிக்கூட நோட்டில் அவர் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அதே எழுத்து.

எத்தனையோ மூட்டையைக் கவிழ்த்தவர், தன் வீட்டு மூட்டையை மட்டும் கவிழ்க்கவில்லை. திரவியத்துக்கு அழுகை வந்தது. மிளகாய்க் கடையில் கண் கலங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்து சீட்டை மகள் முன்னால் வைத்தார். அவள் மறைக்கவில்லை. "தலையில நிறைய அடி வாங்கியாச்சுப்பா. டாக்டர் இனி ஆடக் கூடாதுன்னு சொல்லி, ஆட்டத்தை விட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப அதே மைதானத்துல ஐஸைச் சமப்படுத்துற வண்டி ஓட்டுறாரு. பேரும் ஊரும் ஓர்மை நிக்காது. மத்தபடி ஒண்ணுமில்ல."

"இன்னும் மோசமாகாதுன்னு டாக்டர் சொல்றானா?"

"சொல்ல முடியாதுங்கிறாரு."

"எங்கிட்ட மறைச்சிட்டியே மக்களே."

"சொல்லியிருந்தா சம்மதிச்சிருப்பீங்களா? சொல்லணும், சொல்லணும்னு அவரு தினமும் சொல்லிட்டுத்தான் இருந்தாரு. நான்தான் தடுத்தேன்."

"நாளைக்கு ஓலை வாசிக்கும்போது நான் எழும்புவேன்" என்றார் திரவியம். பிரிஸில்லா அழுதுகொண்டே சீட்டை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

மூன்றாம் ஞாயிறு. ஐயர் ஓலையை வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தார். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் பிரிஸில்லா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். திரவியம் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சபை முழுவதும் 'உஸ்' என்று திரும்பியது. பொன்னம்மை வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதி எழும்பும்போதே முட்டு பிடித்துக்கொண்டது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அடுத்த வரிசையிலிருந்து யாரோ பெஞ்சை இடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு பெரிய கை அவர் முழங்கைக்குக் கீழே வந்து தாங்கியது, அதுவும் வலது பக்கமாகப் பார்த்து. சீட்டு அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. ஆன்சனிடம் எந்தச் சீட்டும் இல்லை.

"திரவியம், என்ன காரியம்? சொல்லும்" என்றார் ஐயர்.

திரவியம் மகளுடைய முதுகைப் பார்த்தார். ஆன்சன் கையை எடுக்கவில்லை. அவர் எதற்கு எழும்பினார் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது, அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒண்ணுமில்ல ஐயரே. முட்டு மரத்துப் போச்சு" என்றார்.

அவன் பிடித்த பிடியிலேயே மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் விட்டு அவனையும் உட்காரச் சொன்னார். ஐயர் அடுத்த அறிவிப்பை வாசிக்கத் தொடங்கியதும் குனிந்து, "என் பேரு என்னலே?" என்று கேட்டார்.

ஆன்சன் யோசித்தான். நெற்றியில் வியர்த்தது. கை தன்னால் சட்டைப் பையைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. "ஓர்மை கிட்டல மாமா" என்றான்.

"திரவியம்" என்றார் அவர். "நாளைக்கும் கேப்பேன்."