ஒரு மணி நேரத்தைத் தின்ற இங்கிலாந்துக்காரர்கள்

கடிகாரத்தை மனுஷன் தன் இஷ்டத்துக்குத் தள்ளி வைப்பான் என்று இத்தனை வயது வரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை. போன ஏப்ரலில் ஒருத்தன் சொன்னான். சொன்னது அவன் என்பதால் நான் நம்பவில்லை.

அவன் ரகோட், என் மனைவி யூனியாவின் தம்பி. ஹோமா பே ஊருக்கு மேற்கே எங்கள் ஏரிக்கரையில் அவனும் நானும் பாதிப் பாதியாகச் சேர்ந்து ஒரு படகு கட்டினோம். பலகை வாங்கினபோது சண்டை இல்லை. ஆணி வாங்கினபோது சண்டை இல்லை. பிளவுக்குப் பஞ்சு அடைத்துத் தார் பூசினபோதுகூட இல்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் வந்து நின்றுபோச்சு. பெயர் எழுதாத படகைத் தண்ணீரில் இறக்கக் கரைக் கமிட்டி விடாது.

பெயர் என்றால் வேறென்ன, இங்கிலாந்தில் பந்து உதைக்கிற கூட்டங்களின் பெயர்தான். எங்கள் கரையில் ரெண்டு செல்சீ நிற்கிறது, ஒரு லிவர்பூல் நிற்கிறது, நடுவில் 'இயேசு வருகிறார்' ஒன்று நிற்கிறது. நான் அர்செனல். ரகோட் மான்செஸ்டர் யுனைடெட், எங்கள் வாயில் மேன்யூ. படகு கரைக்குத் திரும்பும்போது மீன் வாங்குகிற பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூவுவார்கள். "லிவர்பூல் வருதுடீ, கூடைய எடு!" என்பார்கள். ஒரு நாளாவது என் படகைப் பார்த்து "அர்செனல் வருதுடீ" என்று கூவக் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ரகோட்டுக்கும் அதே ஆசை, வேறு பெயரில்.

யூனியாவுக்கு எங்கள் சண்டை அலுத்துப்போச்சு. உகாலிக் களித் தட்டை என் முன்னால் தட்டென்று வைத்தாள்.

"ரெண்டு கெழவனுங்களும் நாள் முழுக்கப் போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஆடுறீங்களே ஒரு ஆட்டம், அதுல ஜெயிக்கிறவன் பேரு வைங்க. தார் காயுற வரைக்கும் பாருங்க. அப்புறம் என் வீட்டுல இந்தப் பேச்சு வேணாம்."

அவள் சொன்ன ஆட்டம் ஃபேன்டஸி லீக். நைரோபியில் இருக்கும் என் மகள்தான் பழைய போனைக் கொடுத்து அதில் என்னைச் சேர்த்துவிட்டாள். பல கூட்டங்களிலிருந்தும் பதினைந்து பேரை நாம் பொறுக்கி எடுக்க வேண்டும். அவர்களில் ஒருத்தன் அங்கே நிஜமாகக் கோல் போட்டால் இங்கே நமக்குப் புள்ளி. ஒருத்தனைக் கேப்டன் என்று வைத்தால் அவன் புள்ளி ரெண்டு மடங்கு. ஒவ்வொரு வாரமும் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆளையும் மாற்ற முடியாது. இதுதான் ஆட்டம். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் ஆட்டக்காரர்களுக்கு எங்கள் கரையில் வைத்த பட்டப்பெயர்தான் என் வாயிலும் வரும்.

நான் ஒரு மான்செஸ்டர்காரனைக்கூட என் அணியில் சேர்த்ததில்லை. புள்ளி கொட்டுவான் என்று தெரிந்தாலும் சேர்த்ததில்லை. ரகோட்டுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. அவன் அணியில் மூன்று அர்செனல்காரர்கள்.

"உனக்கு மானமே இல்லையாடா மாப்ளே?"

"புள்ளிக்குக் கட்சி ஏது மாமா? அவன் கோல் போட்டா எனக்குப் புள்ளி, தோத்தா எனக்குச் சந்தோசம். எனக்கு ரெண்டு பக்கமும் லாபம்."

இப்படிப்பட்டவனோடு எப்படிப் பேசுவது?

எனக்கு எரிச்சல் அவனோடு முடியவில்லை. போனைத் திறந்தால் ஆயிரம் நிபுணர்கள். இவனை எடு, அவனை விடு, இவனுக்குக் கால் வலி, அவன் மனைவியோடு சண்டை. லண்டனில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது போலப் பேசுவான், பார்த்தால் இங்கே பக்கத்து மிகோரியில் சைக்கிள் கடையில் உட்கார்ந்து புளுகிக்கொண்டிருப்பான். கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்படி ஒருத்தன், எங்கள் குதிரைக்குத் தொடையில் அடி, ஆறு வாரம் வரமாட்டான் என்று எழுதினான். குதிரை என்றால் எல்லாரும் கேப்டனாக வைக்கும் அந்த முன்வரிசை ஆட்டக்காரன். நான் பதறிப்போய்க் குதிரையை அணியிலிருந்து தூக்கினேன். அந்தச் சனிக்கிழமையே குதிரை மூன்று கோல் போட்டான். அன்றையிலிருந்து போன் சொல்வது எதையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தார் காய்ந்த சனிக்கிழமை வந்தது. அந்த வார ஆட்டத்தோடு கணக்கு முடிகிறது. நான் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தேன். காலையிலேயே சீலா வந்துவிட்டான். எங்கள் கரையில் பெயர் எழுதுகிறவன் அவன் ஒருத்தன்தான். சிவப்பு டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்தான்.

"ரெண்டு பேருக்கும் செவப்புதான பெரியவரே. பெயிண்டு வீணாப் போகாது. எழுத்துதான் தெரியணும். சீக்கிரம் சொல்லுங்க, வெயில்ல கட்டியாயிடும்."

அப்போதுதான் ரகோட் போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, குதிரை அவுட்டு. நேத்துப் பயிற்சியில விழுந்துட்டானாம். அவனோட மேனேஜரே பேசுறான், வீடியோ இருக்கு, பாரு."

பார்த்தேன். மேனேஜர்தான். வாய் அசைந்தது. ஆனாலும் சொல்வது ரகோட். குதிரை என் கேப்டன், அவன் கேப்டன் இல்லை. குதிரையை நான் தூக்கினால் லாபம் யாருக்கு?

"உன் வேலையப் பாரு."

"சரி, நம்பாட்டிப் போ. இன்னொன்னு கேளு. இன்னிக்கு ஒரு மணிக்கே சாத்திடுவான். ரெண்டு மணி இல்ல."

"ஏன், உங்கப்பன் போய்ச் சாத்துறானா?"

"இங்கிலாந்துல போன ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சிட்டாங்க மாமா. வருசா வருசம் வைக்கிறதுதான். வெயில் காலம் வருதுல்ல."

சீலா சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன கதை இது! சூரியன் எங்கள் ஏரிக்கு மேல் நான் பிறந்த நாளிலிருந்து ஒரே நேரத்தில்தான் எழும்புகிறது. அதற்குப் போய் யாராவது உத்தரவு போடுவானா? நான் அவசரப்பட்டுத் தப்பான ஆளை வைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கதை என்று நினைத்தேன். போன வருஷம் இதே சமயத்தில் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு முந்தின வருஷம் ஆட்டத்திலேயே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

"போன்லயே மணி போட்டிருக்கு, உன் போன்லயே பாரு மாமா."

"போன்ல போட்டிருக்கான்! கிறிஸ்துமஸுக்கும் போன்லதான் போட்டான்."

"பின்ன செத்துப்போ," என்று சொல்லிவிட்டு ரகோட் டீ குடிக்கப் போனான். அவன் தன் அணியை முந்தின நாளே முடித்துவிட்டானாம்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். குதிரை விஷயம் ஒருவேளை நிஜமாக இருக்குமோ? கரையில் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் நிஜம் என்றார்கள். நாலு பேரும் போனில் அதே வீடியோவைத்தான் பார்த்திருப்பார்கள், அது வேறு விஷயம். குதிரை இல்லையென்றால் அவன் இடத்துக்கு யார்? ஆட்டத்தில் எனக்கு மிச்சமிருந்த காசுக்கு ஒரே ஒரு நல்ல ஆள்தான் வந்தான். மான்செஸ்டர் யுனைடெட்டின் நெட்டையன். நாங்கள் ஒட்டகச்சிவிங்கி என்போம்.

மீன் குழம்பு ஆறிப்போனது. நான் சாப்பிடவில்லை.

"என்னவாம்?" என்றாள் யூனியா.

"அர்செனல்னு பேரு வைக்கணும்னா மேன்யூக்காரன எடுக்கணும்."

"எடு."

"எப்படிடீ எடுக்கிறது?"

"விரலால. இத்தினி வருசமா என் தம்பிகூட ஒரே படகுல போற, அது முடியுது, இது முடியாதா?"

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசினபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் முடிவு செய்தேன். ஒரே ஒரு வாரம். படகில் பெயர் எழுதினதும் அந்த ஒட்டகச்சிவிங்கியைத் தூக்கி எறிந்துவிடுவது. போனை எடுத்துக்கொண்டு கரைக்கே போனேன், வீட்டில் சிக்னல் சரியில்லை. படகு நிழலில் ரகோட்டும் சீலாவும் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு மணி ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு குதிரையைத் தூக்கினேன், ஒட்டகச்சிவிங்கியை வைத்தேன், கேப்டன் என்று அமுக்கினேன்.

போகவில்லை.

மறுபடி அமுக்கினேன். ஏதோ எழுத்து வந்தது. மறுபடி அமுக்கினேன், அதே எழுத்து. வேறு வழியில்லாமல் ரகோட்டிடம் நீட்டினேன்.

அவன் வாசித்தான். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"சாத்தி இருபது நிமிசம் ஆச்சு மாமா." அப்புறம் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான். "இரு. இதென்ன? ஒட்டகச்சிவிங்கியா? எங்காளா? கேப்டனாவா?"

"குடுடா போன."

"சீலா! இங்க வாடா! ஒலாங்கோ மாமா மேன்யூவுக்கு வந்துட்டாரு! ஞானஸ்நானம் குடுக்கணும், தண்ணி எடுத்தா!"

அது போதாதென்று எழுந்து நின்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாற்றவும் முடியவில்லை, மாற்றப் பார்த்த கெட்ட பெயரும் வந்தாச்சு. திருடப் போய் வெறுங்கையோடு மாட்டிக்கொண்டவனுக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள்.

சாயங்காலம் தகரக் கொட்டகையில் ஆட்டம் பார்த்தோம். குதிரை வரவே இல்லை, சட்டை மேல் கோட்டு போட்டுக்கொண்டு பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தான். கேப்டன் வராவிட்டால் துணைக் கேப்டனுக்கு ரெண்டு மடங்கு. நான் மரியாதைக்காக எங்கள் அர்செனல் கோல்கீப்பரைத் துணைக் கேப்டனாக வைத்திருந்தேன். அவன் அன்றைக்கு மூன்று கோல் விட்டான். ஒன்றுமில்லாததை ரெண்டால் பெருக்கினால் என்ன வரும்?

ஒட்டகச்சிவிங்கி ரெண்டு கோல் போட்டான், புள்ளி ரகோட்டுக்கு. முதல் கோலுக்குக் கொட்டகையில் எல்லாரும் எழுந்து என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். ரெண்டாவதுக்கு ரகோட் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"உங்காளு மாமா, உங்காளு!"

ஒன்பது புள்ளி முன்னிலை எந்தத் தண்ணீரில் கரைந்தது என்றே தெரியவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. அவன் நிஜமாக என்னை ஏமாற்ற நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்க வேண்டியது, உண்மையைச் சொல்லி ஏமாற்றினால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? இதை அவனிடமே கேட்டேன். "உங்கிட்ட பொய் சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப மாமா," என்றான். யூனியா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை சீலா எழுதினான். பெரிய சிவப்பு எழுத்து, ரெண்டு பக்கமும். நான் நின்று பார்க்கவில்லை. ஒரு எழுத்தை விட்டுவிட்டான் என்று ரகோட் கத்தினது மட்டும் கேட்டது. எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதையும் திருத்திவிட்டார்கள்.

படகில் ஒரு நல்ல விஷயம், உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வெளியே எழுதியிருக்கும் பெயர் தெரியாது. வலை விடும்போது அது யாருடைய படகாகவும் இருக்கலாம். முதல் நாளே வலை கனத்தது. பெரிய பெரிய ம்புட்டா மீன்கள், ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு வலையை நான் பார்த்துப் பல வருஷம்.

"பேரோட ராசி மாமா," என்றான் ரகோட்.

"மீனுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமாடா?"

"உனக்கே தெரியல, அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

கரையை நெருங்கும்போது பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார்கள். படகு எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று அவர்களுக்குத் தூரத்திலேயே தெரியும்.

"மேன்யூ வருதுடீ! மேன்யூ வருது! கூடைய எடு!"

இன்ஜின் சத்தத்தைக் கூட்டினேன். அதையும் மீறிக் கேட்டது. மீன் பாதி என்னுடையது.