தோரனுக்கு எந்த ஊர்

படிவத்தின் ஏழாவது கேள்விக்கு மட்டும் விடையை முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். படம் எதிர்பார்த்த அளவு ஓடாமைக்கான காரணம் என்ற தலைப்பின் கீழ் 'இப்பகுதிப் பார்வையாளர்களின் புரிதல் குறைவு' என்று இருந்தது. அதனருகே திரையரங்க மேலாளர் கையொப்பமிட ஒரு கோடு. விநியோக நிறுவனம் திரையரங்குக்காரர்களைக் கூட்டியிருந்த அயோத்தியாப்பட்டணத்துத் திருமண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில், முந்தைய நாள் விருந்தின் ரச வாடை இன்னும் விலகாத நீள மேசையின் கடைசியில் அமர்ந்து, சிவபிரகாஷ் அந்த வரியை நான்கு முறை வாசித்தார். ஐந்தாம் முறை வாசித்தபோது அவருக்குக் காது மடல்கள் சுட்டன.

திருச்செங்கோட்டில் இரண்டு திரைகள் கொண்ட குளிரூட்டப்பட்ட அரங்கு ஒன்றின் மேலாளராக அவர் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறார். மின்சாரம் போனால் மன்னிப்புக் கேட்பார். இடைவேளையில் பஃப்ஸ் ஆறியிருந்தாலும் அவரே வருத்தம் தெரிவிப்பார். யாரையும் எதிர்த்துப் பேசி அவரை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் இந்த வரி அவரைப் பற்றியதன்று. அவருடைய அரங்கில் வந்து அமர்ந்தவர்களைப் பற்றியது.

விநியோக நிறுவனத்தின் பிரதிநிதி சந்தோஷ்குமார் சுவரில் வரைபடங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இராது, நல்ல சட்டை. தமிழில் குரல் சேர்த்து வெளியான 'விண்மீன் வேட்டை' என்ற வெளிநாட்டு வரிசையில் மூன்று படங்கள் வந்து முடிந்து ஐந்து மாதங்களே ஆகியிருக்க, அதில் வரும் விண்கப்பல் மெக்கானிக் தோரனின் இளமைக் கதையை, அதே நடிகரைக் கணினியில் இளமையாக்கித் தனிப் படமாக எடுத்திருந்தார்கள். அது உலகம் முழுவதுமே சோர்ந்துதான் போனது. இயக்குநரைப் பாதியில் மாற்றினார்கள். பாதிப் படத்தைத் திரும்ப எடுத்தார்கள். மக்களுக்கும் விண்வெளி அலுத்துவிட்டது. இவை எல்லாவற்றையும் சந்தோஷ்குமார் ஒத்துக்கொண்டார்.

"ஆனா சேலம், நாமக்கல் பெல்ட்ல விழுந்த அடி தனி சார். முந்தின மூணு பார்ட்டும் தமிழ்நாட்டுலயே இங்கதான் பிச்சிக்கிட்டு ஓடுச்சு. இது மட்டும் ஏன் ஓடல? ஸ்கிரிப்ட் கொஞ்சம் இன்டெலிஜென்ட். புரியல. அவ்ளோதான்."

இரண்டு சூரியன்கள், காலத்தைக் கடக்கும் கதவு, செத்துப் பிழைக்கும் அரசி என எல்லாமே புரிந்தவர்களுக்கு ஓர் இளைஞன் கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்ளும் கதை புரியவில்லையாம். சிவபிரகாஷ் எழுந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கொரல மாத்திட்டீங்க. அதனாலதானுங்க சனம் வரல."

"வாய்ஸா?" சந்தோஷ்குமார் சிரித்தார். மேசையைச் சுற்றியும் சிலர் சிரித்தார்கள். "ஸ்பேஸ்ல போறவன் ஏனுங்க போனுங்கன்னு பேசுனா உலகமே சிரிக்கும் சார். உட்காருங்க."

சிவபிரகாஷ் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த வாழப்பாடி அரங்கின் உரிமையாளர் சந்திரசேகர் தம் படிவத்தில் கையெழுத்திட்டு மடித்துக்கொண்டே காதருகில் சொன்னார்: "போட்டுட்டுக் கெளம்புங்க சார். சாயந்தரம் ஆறுக்குள்ள ஃபார்ம் குடுக்கறவங்களுக்குத்தான் தீபாவளிப் படம். தெரியுமில்ல?"

தெரியும். அரங்கின் முதலாளியும் காலையில் அதையே சொல்லி அனுப்பியிருந்தார். தீபாவளிப் படம் கிடைக்காவிட்டால் மேலாளரும் தேவையில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சிவபிரகாஷ் படிவத்தை வெறுமையாகவே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். சங்ககிரி தாண்டும்போதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் நாவில் வந்தது. 'சிரிச்சாங்க சார். அதுக்குத்தானுங்க வந்தாங்க.' பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்ததால், வாய்விட்டே சொல்லிவிட்டோம் என்று அறிந்து அவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

தோரனுக்கு முதல் மூன்று படங்களிலும் குரல் கொடுத்தவர் சென்னியப்பன். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் லாரிகளில் இருபத்தேழு ஆண்டுகள் ஊர் ஊராகத் துளை போட்டவர். தமிழில் பேசவைக்கும் பொறுப்பில் இருந்த உறவுக்காரர் ஒருவர், முதல் படத்தில் தோரனுக்கு இருந்த நான்கே வரியைப் பேச ஆள் கிடைக்காமல் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனார். வறண்ட கோள் ஒன்றில் தோரன் கூட்டாளிகளோடு நீருக்காகத் துளையிடும் காட்சி அது. மூலத்தில் என்ன வசனமோ, சென்னியப்பன் திரையைப் பார்த்ததும் பொறுக்காமல், "கேசிங் எறக்குனீங்களா சாமி? எறக்காமப் போட்டா மண்ணு சரிஞ்சுருமுங்க!" என்று கத்திவிட்டார். துளை சரியாமல் இருக்க முதலில் குழாய் இறக்க வேண்டும் என்பது திருச்செங்கோட்டில் குழந்தைக்கும் தெரியும். அந்த வரியை அப்படியே விட்டுவைத்தார்கள். படம் வந்த அன்று, ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் ரிக் ஓட்டித் திரும்பிய ஆட்கள் அரங்கில் எழுந்து நின்று துண்டைச் சுழற்றியதை சிவபிரகாஷ் கண்ணால் பார்த்தார். வான்வெளியில் தங்கள் ஆள் ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்ற பெருமிதம் அது. அதைப் புரிதல் குறைவு என்று எந்தக் கையால் எழுதுவது?

புதிய படத்திலும் தோரன் துளையிடுகிறான். குழாய் இறக்கவில்லை, இறக்கச் சொல்லவும் ஆளில்லை. "நம்பிக்கை வை நண்பா, நீர் நிச்சயம் வரும்" என்கிறது தோரனுக்குப் புதிதாகக் கொடுத்த, பன்னீர் தெளித்தது போன்ற ஒரு குரல். நீரும் பீறிட்டு வருகிறது. முதல் நாள் அந்த இடத்தில் ஒரு ரிக் கூட்டமே எழுந்துவிட்டது. "கேசிங் இல்லாமத் தண்ணி வருதாமாடா! வாங்கடா ஊட்டுக்குப் போலாம்!" விசைத்தறியில் வேலை செய்யும் சௌந்திரம், முந்தைய படங்களை வார விடுமுறைதோறும் வந்து ஐந்தாறு முறை பார்த்தவர், கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு வாசலில் இவரை நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்க, நம்ம ஆளு எங்கீங்க?"

"படம் பூரா அவருதானுங்களே அக்கா."

"மூஞ்சி அவருதானுங்க. ஆளு அவரில்லீங்க."

அன்றைக்கும் சிவபிரகாஷ் மன்னிப்புக் கேட்டார். இப்போது நினைக்கையில், தாம் செய்யாத தப்புக்குத் தாம் கேட்ட மன்னிப்புகளே பெரிய அவமானமாகத் தோன்றின.

அரங்கை அடைந்தபோது பகல் காட்சிக்கு நுழைவுச்சீட்டுச் சாளரத்தில் ஒரே ஒருவர் நின்றிருந்தார். கட்டம் போட்ட சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. சென்னியப்பன்.

"அண்ணா! நீங்க எதுக்குங்க சீட்டு வாங்கறீங்க? உள்ள வாங்க."

"ஓசீலயெல்லாம் வேண்டாமுங்க. நாளைக்குப் படத்த எடுத்துருவீங்களாமா. நானில்லாத நான் எப்பிடி இருக்கறேன்னு ஒருக்காப் பாத்துப்போடலாம்னு வந்தேன்."

"உங்களக் கூப்புடவே இல்லீங்களா?"

"கூப்புட்டுச் சொன்னாங்க. எளவட்டத்துக்குக் கெழட்டுக் கொரலு ஆவாதாமா. செரிதானுங்க, நம்மூர்ல எளவட்டமே இல்லியா, ஒருத்தனப் புடிச்சுப் போடறது? வயசு கொறஞ்சா ஊரு மாறிப்போவுமாங்க?" அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு மீசைக்கு மேல் ஏறவில்லை. சீட்டைக் கண்ணருகே வைத்து இருக்கை எண்ணைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே ஏற்கெனவே வந்து அமர்ந்தவர்களோடு சேர்த்து முப்பது பேர் இருக்கலாம். சிவபிரகாஷ் மேலே ஆபரேட்டர் அறைக்குப் போய்ச் சிறு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார். கதிர்வேல், அரங்கு கட்டிய நாள் முதல் படம் ஓட்டுபவர், அவருக்கு ஒரு முக்காலியை நகர்த்தினார். இவர் உட்காரவில்லை. கைபேசியில் சந்தோஷ்குமாரின் செய்தி வந்தது: 'உங்க ஃபார்ம் மட்டும்தான் பாக்கி சார்.'

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. செம்மண் நிறக் கோள். தோரன் இயந்திரத்தை நட்டு விசையை இழுக்கிறான். "நம்பிக்கை வை நண்பா" என்று பன்னீர்க் குரல் தொடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. அடக்கிப் பார்த்து முடியாமல், அவரையும் மீறி வெளிவந்த குரல்.

"அட, கேசிங் எறக்குனீங்களா சாமி?"

முன்வரிசையில் ஒருவர் இருக்கையில் முழங்காலூன்றித் திரும்பினார். "யாருங்க அது? தோரனா?" அப்புறம் சிரிப்பு. மூன்று வாரங்களில் இந்தப் படத்துக்கு இந்த அரங்கில் எழுந்த முதல் சிரிப்பு. இருட்டில் சென்னியப்பன் கூச்சத்தோடு தோளைக் குறுக்கிக்கொள்வது மேலிருந்தும் தெரிந்தது.

சிவபிரகாஷ் படிவத்தை ஒலிக்கருவியின் தலைமேல் விரித்தார். அச்சிட்ட வரியைத் தாள் கிழியும்படி அடித்தார். அதன் மேல், பள்ளியில் பரிசு வாங்கிய அதே திருத்தமான கையெழுத்தில், 'தோரனின் ஊரை மாற்றியது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். படம் பிடித்து அனுப்பினார். மன்னிக்கவும் என்ற சொல்லை வழக்கம்போலத் தட்டச்சு செய்திருந்தார். அனுப்புவதற்கு முன் அதை ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லாமல் அழித்தார்.

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. உடனே கைபேசி அடித்தது. அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

"கதிர்வேலண்ணா, பேச்சு மட்டும் கேக்காமப் பண்ண முடியுமுங்களா?"

கதிர்வேல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நடு ஸ்பீக்கர நிறுத்துனாப் பேச்சு போயிருமுங்க. பாட்டு, சத்தமெல்லாம் சைடுல ஓடும். ஏனுங்க?"

"நிறுத்துங்க."

கவிழ்த்த கைபேசி இரும்புப் பெட்டியின் மேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கீழே துளையிடும் இயந்திரம் இன்னும் பக்கச் சுவர் ஸ்பீக்கர்களில் உறுமியது. திரையில் தோரனின் வாய் திறந்து மூடியது. ஒரு சொல்லும் வரவில்லை. ஒவ்வொருவராக முப்பது தலைகளும் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பின. கடைசி வரிசையின் இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்.