அழகர்சாமி வெட்டிய குழி

குழிக்குள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆயம்மாளின் கையைச் சித்தப்பா சுடலைமணி பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? உள்ள அண்ணன் கெடக்குறாரு. நீ கக்கூஸ் குழிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிற!"

"அம்மாதான் ஊத்தச் சொன்னாங்க சித்தப்பா."

அம்மா பாலாமணி உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பொழுது சாயும்வரை குழி வெட்டி, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று பாதிக் குழிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

சாவு வீடு என்று தெரியாமல் குழியை அளக்க வந்துவிட்ட ஓவர்சியர் தனசிங், செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரம் நின்றார். திரும்பக் கிளம்பியவரை அம்மாதான் உள்ளிருந்தே நிறுத்தினாள்.

"அளந்துட்டுப் போங்க சார். ஒங்களுக்காகத்தான் வெட்டி வச்சாரு."

ஊற்றிய தண்ணீரை மண் இழுத்துக்கொண்டால்தான் செப்டிக் டேங்குக்கு அனுமதி. போன மாதம் வேறொரு ஓவர்சியர் வந்து முதல் குழியைப் பார்த்தபோது தண்ணீர் அப்படியே நின்றது. 'இந்த மண்ணு தண்ணி குடிக்காது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூட்டு தேய்ந்த அம்மா, மழையிலும் கம்பை ஊன்றிக்கொண்டு வெளிக்குப் போகத் தேயிலைக்குள் இறங்குவது நிற்கவில்லை. அப்பாவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. சிலோனிலும் இங்கேயும் காலமெல்லாம் கான் வெட்டியவர் அவர். சரிவில் மழைத்தண்ணீரை அடக்கி இறக்கும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். புது ஆட்கள் வந்தால் அழகர்சாமியின் கானைக் காட்டித்தான் தொரை வேலை சொல்வார். கொஞ்ச நாள் கழித்து அப்பா, "எடம் சரியில்ல" என்று வீட்டுக்கு மேற்கே இந்த இரண்டாவது குழியை எடுத்தார்.

தனசிங் கோடு போட்ட குச்சியைக் குழிக்குள் நிறுத்தினார். பந்தல்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் இம்மியும் இறங்கவில்லை.

"பாத்தியா? போதும், விடு," என்றார் சித்தப்பா.

தனசிங் மண்டியிட்டுக் குழியின் பக்கத்தில் விரலை ஓட்டினார்.

"இது மண்ணா, சிமெண்டா? யாரும்மா பூசினது?"

"பூசல சார். அப்பா மம்பட்டி முதுகால தட்டி, ஈரச் சாக்கால தொடைப்பாரு. அப்பதான் கரை அரிக்காம தண்ணி ஓடுமாம்."

சொல்லி முடிப்பதற்குள் ஆயம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முதல் குழியையும் இப்படித்தான் வெட்டியிருந்தார். ஓடுகிற தண்ணீருக்குச் செய்வதையே ஊற வேண்டிய தண்ணீருக்கும் செய்திருக்கிறார்.

"மண்ணோட வாய அடைச்சு வச்சிருக்காரு," என்றார் தனசிங். "பக்கத்தச் சுரண்டிவிட்டுப் பாக்கணும்."

"சுரண்டுறதா?" சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. "அண்ணன் கடைசியா கை வச்ச வேலை சார் அது. பொணம் வாசல் தாண்டல, அதுக்குள்ள கொத்திப் போடணுமா?"

ஆயம்மாள் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்தாள். ஒரு வெட்டுத்தடம்கூடத் தெரியாமல் குழியின் பக்கங்கள் மினுங்கின. கை போகவில்லை.

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எப்படி வெட்டியிருக்காருன்னு பாத்துக்கிட்டீங்களா சார்?"

"பாத்தேம்மா. என் சர்வீஸ்ல இப்படி ஒரு குழி பாத்ததில்ல."

"அப்ப சரி. சுரண்டு ஆயம்மா."

கத்தி பட்டதும் மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உதிர்ந்ததை அவள் அள்ளிப் போட்டதும், தனசிங்கே குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினார். எல்லோரும் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேல் கோடு ஈரத்தோடு வெளியே வந்தது. சற்றுப் பொறுத்து அடுத்ததும் தெரிந்தது.

"அடேய், குடிக்குதுடா!" என்றார் ஒரு பந்தல்காரர். பிறகு சாவு வீடு நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

இடுகாட்டில் குழி வெட்ட ஆட்கள் கிளம்பினார்கள். மலைக்கு மேல் மழை கட்டி நின்றது. ஆயம்மாள் அப்பாவின் மண்வெட்டியோடு ஈரச் சாக்கு ஒன்றையும் சேர்த்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"பக்கத்த நல்லா தட்டிவிடுங்க சித்தப்பா. தண்ணி ஊறக் கூடாது."

"அண்ணன் மாதிரி எனக்கு வராதும்மா."

"தொடைச்சும் விடுங்க."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்கு நடுவே இறங்கினார். தேய்ந்து வெள்ளியாகிப் போயிருந்த அதன் முதுகு, வளைவு திரும்பும்வரை பனிமூட்டத்துக்குள் தெரிந்துகொண்டே போனது.