இடம் மாறிய துறைமுகம்

காலை எட்டேகால் மணிக்கு இங்வில்ட் தன் கட்டடத்தைக் கொண்டுவந்து குன்றில் பொருத்திப் பார்த்தாள். உட்காரவில்லை.

கட்டடம் என்றால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மரத்தில் செய்த சின்னக் கட்டடம். குன்று என்றால் சாம்பல் நிற அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த குன்று. கிறிஸ்டியான்சுண்ட் ஊரில் துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் ஒரு சரிவை அப்படியே இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தோம். எங்கள் கட்டடக்கலை வகுப்பில் பதினாறு பேர். பதினாறு பேரும் அதே சரிவில், அதே மனையில், ஆளுக்கொரு மழலையர் பள்ளி வரைந்திருந்தோம். குன்றின் நடுவில் மனை இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விட்டிருக்கும். தேர்வில் ஒவ்வொருவராகப் போய்த் தன் பள்ளிக்கூடத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துவிட்டுப் பேச வேண்டும். ஊர் பொது, கட்டடம் அவரவர் சொந்தம். மனையில் வைத்துக் காட்டாத கட்டடத்தை மதிப்பிடுவதில்லை என்பது எங்கள் ஆசிரியர் ஔதுனின் சட்டம்.

அந்தப் பொதுக் குன்றைச் செய்தது நான். நானும் எஸ்கிலும். பிப்ரவரியில் ஔதுன், "குன்று யாரு செய்யறீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், நான் கையைத் தூக்கினேன். காரணம் இருந்தது. போன வருடம் இதே தேர்வில் நான் தேறவில்லை. என் பழைய வகுப்பு மேலே போய்விட்டது. என்னைவிட ஒரு வயது குறைந்தவர்களோடு மறுபடியும் உட்கார்ந்திருந்தேன், அவர்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஆசை. இந்த முறையும் தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன். அம்மா அதற்குள் எங்கள் ஊர் மீன் ஆலையில் எனக்கொரு வேலையும் பேசி வைத்துவிட்டாள். எதிலும் முன்னேற்பாடு அவளுக்கு.

எஸ்கில் ஆசைப்பட்டுச் சேரவில்லை. அன்று வகுப்புக்குக் கடைசியாக வந்தான், அதனால் மாட்டிக்கொண்டான். வேலையைப் பிரித்துக்கொண்டோம். அட்டைகளை வெட்டி, எது எதன் மேல் என்று வரிசைப்படுத்துவது நான். அடுக்கி ஒட்டுவதும் வீடுகளை நடுவதும் அவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவனைச் சும்மா விடமாட்டேன். "ஒட்டியாச்சா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும், "ஆச்சு, ஆச்சு, கல்லு மாதிரி நிக்குது" என்றான். அதற்கு முந்தைய வகுப்பின் குன்றில் யாரோ காபியைக் கொட்டிவிட்டதால், எங்களுடையதை முடித்த கையோடு ஔதுன் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டார். பிறகு பத்து வாரம் அதை யாரும் தொடவில்லை. எல்லோரும் கணினியில் இருந்த வரைபடத்தை வைத்துத்தான் வரைந்தோம்.

இப்போது மே மாதம். பகல் ஒரு மணிக்குத் தேர்வு. குன்றைக் கிடங்கிலிருந்து தூக்கி வந்து மேசையில் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னடி இது, உள்ள போகவே மாட்டேங்குது" என்றாள் இங்வில்ட். கட்டடத்தை எடுத்தாள், திருப்பினாள், மறுபடி வைத்தாள். "மடங்குற பக்கம் பாறைல போய் இடிக்குது. அங்க தெருவுதான இருக்கணும்?"

"கண்ணாடியப் பாத்து வரைஞ்சியா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

யாரோ சிரித்தார்கள். இங்வில்ட் சிரிக்கவில்லை. அவள் வகுப்பிலேயே கவனமான பெண், பென்சிலைக்கூட நீளவாரியாக அடுக்கி வைப்பவள். முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "மூணு மாசமா தப்பாவே பண்ணிட்டு இருந்திருக்கேன்."

நான் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். துறைமுகம் வலப்பக்கம், கிழக்கே. குன்றைப் பார்த்தேன். துறைமுகம் இடப்பக்கம். மறுபடியும் சுவரைப் பார்த்தேன்.

அப்போதே புரிந்துவிட்டது. வரைபடத்தின் உயரக் கோடுகளைக் காகிதத்தில் அச்சடித்து, ஒவ்வோர் அட்டையிலும் ஒரு காகிதத்தை ஒட்டி, கோட்டின் வழியே வெட்டியிருந்தேன். அடுக்கும்போது மேலே காகிதம் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அதனால் எஸ்கிலிடம், "காகிதம் இருக்கற பக்கத்தக் கீழ போடு, மேல சுத்தமா இருக்கட்டும்" என்று சொன்னவள் நான். வீடுகளின் மூலைகளை ஊசியால் குத்தி மறுபக்கம் அடையாளம் தெரியும்படி செய்தவளும் நான். இடது கையுறையை உள்வெளியாகத் திருப்பினால் அது வலது கைக்குத்தானே ஆகும். ஒரு ஊரையே அப்படித் திருப்பி வைத்திருந்தேன். தெருக்கள், பாறை, தேவாலயம், அறுபத்தொரு வீடுகள், எல்லாம் பக்கம் மாறி.

நான் உடனே சொல்லவில்லை. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இங்வில்ட் தன் கட்டடத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், நான் ஒரு முழு நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இன்னொருவன் வந்து தன் கட்டடத்தை வைத்துப் பார்க்கும் வரை அவள்தான் குற்றவாளி. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிறகு அவள், "நான் ஔதுன்கிட்டப் போய் சொல்லிடறேன்" என்று எழுந்தாள்.

"உக்காரு" என்றேன். "உன் கட்டடம் சரியாத்தான் இருக்கு. ஊருதான் தப்பு. அட்டைய நான்தான் தலைகீழா போட வெச்சுட்டேன்."

பதினான்கு தலைகள் சுவரைப் பார்த்தன, குன்றைப் பார்த்தன, என்னைப் பார்த்தன. எஸ்கில் இன்னும் வந்திருக்கவில்லை.

"காகிதப் பக்கத்தக் கீழ போட்டேன். மொத்தமும் பக்கம் மாறிடுச்சு. துறைமுகம் அந்தப் பக்கம் இருக்கணும்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "உங்க எல்லாரோடதும் இதுல உக்காராது. என்ன மன்னிச்சிடுங்க."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

அந்த நேரத்தில் ஔதுன் கையில் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தார். விஷயத்தை இங்வில்ட் சொன்னாள். அவர் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார். தேவாலயத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, காதுகள் சிவக்க, "நான் பொறந்த ஊரு இது" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"இத நான் மூணு தடவ பாத்திருக்கேன், தீரில். கிடங்குல கொண்டு வைக்கறப்ப தூக்கினதே நான்தான். எங்க வீடு எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்கே தெரியல பாரு." கோப்பையை வைத்தார். "சரி. ஒரு மணிக்குத் தேர்வாளர் தொருன் வந்துடுவாங்க. தள்ளிப் போட முடியாது, அவங்களுக்குச் சாயங்காலம் விமானம். என்ன செய்யலாம்?"

புதிதாக வெட்ட நேரமில்லை. நானும் எஸ்கிலும் இரண்டு வாரம் செய்த வேலை அது. பசை போட்டு ஒட்டிய அட்டையைப் பிரித்தால் கிழிந்துதான் வரும். ஒருவன் குன்று இல்லாமலே காட்டலாமா என்று கேட்டான். ஔதுன் தலையைச் சொறிந்தாரே தவிர சரி என்று சொல்லவில்லை. நான் மனதுக்குள் மீன் ஆலைக்குப் போய் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். அதைவிட மோசம், என்னால் பதினைந்து பேர் கெட்டார்கள் என்ற பெயர். எந்த ஊருக்கு பஸ் ஏறினாலும் அது கூடவே வரும்.

எஸ்கில் எட்டே முக்காலுக்கு வந்தான், வழக்கம்போலக் கடைசி. ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்தவன் எங்கள் முகங்களைப் பார்த்து நின்றான்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவன் முகத்தில் வந்த மாற்றம் எனக்கு விளங்கவில்லை. அதிர்ச்சி போலவும் இருந்தது, சிரிப்பு போலவும் இருந்தது. ரொட்டியை மென்று விழுங்கினான்.

"தீரில்," என்றான், "நான் ஒண்ணு சொல்லுவேன். நீ அடிக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"ஒட்டல."

"என்ன ஒட்டல?"

"எதையுமே ஒட்டல. உள்ள அங்கங்க மர ஆணி சொருகி நிறுத்தியிருக்கேன், அவ்வளவுதான். வீடெல்லாம் ரெண்டு பக்க டேப்பு. பத்து வாரமா யாராவது கிடங்குக் கதவத் தொறந்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும், எப்ப சரிஞ்சு விழுமோன்னு."

யாருக்கும் முதலில் உறைக்கவில்லை. இங்வில்டுக்குத்தான் உறைத்தது. அவள் மேசைக்குப் போய், குன்றின் உச்சியிலிருந்த அட்டையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். வந்தது. அழகாக, கிழியாமல், தேவாலயத்தோடு சேர்ந்து வந்தது. அதைத் திருப்பிப் பிடித்தாள். அடியில் என் காகிதம், கோடுகளோடும் வீட்டு எண்களோடும். துறைமுகத்தைப் பார்க்கும் விளிம்பு வலப்பக்கம்.

"எத்தன அட்டை?" என்று கேட்டாள்.

"இருபத்தி மூணு" என்றேன்.

"இருபத்தி மூணையும் திருப்பிப் போட்டா சரியாயிடும். ஆணி ஓட்டையும் கூடவே திரும்பிடும். வீடு எங்கன்னு காகிதத்துலயே போட்டிருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "துக்னாட்!"

கூலியில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் வேலைக்கான அந்தச் சொல்லை ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் நாட்டில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. குளிர்காலம் போனதும் குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேரும் துடைப்பத்தோடு இறங்கி முற்றத்தைப் பெருக்குவது அந்தச் சொல்லுக்குத்தான், பிள்ளைகளின் பந்தாட்ட மைதானத்துக்கு வர்ணம் அடிப்பதும் அதற்குத்தான். இரண்டு பேர் வீடுகளைப் பெயர்த்தார்கள். ஒருத்தி அவற்றை எண் வாரியாக ஜன்னலோரம் அடுக்கினாள். நால்வர் அட்டைகளை எடுத்துக் கொடுக்க, நானும் எஸ்கிலும் திருப்பி அடுக்கினோம். ஔதுன் காபி போட்டார், பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தன் தெருவிலிருக்கும் வீடுகளைத் தானே நட்டார்.

"இது எங்க வீடு" என்றார். "இது பால்காரர் வீடு. அவரு நாயி என்னக் கடிச்சது இங்க."

"இப்ப மட்டும் எல்லாம் ஞாபகம் வருதாக்கும்" என்றாள் இங்வில்ட். அறையே சிரித்தது, அவரும்தான். சிரிப்பவர்களில் நானும் இருந்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

பதினொன்றரைக்குக் கடைசி வீடு நின்றது. இங்வில்ட் தன் பள்ளிக்கூடத்தை எடுத்துப் பள்ளத்தில் இறக்கினாள். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. அவள் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்களுடையதை வைத்துப் பார்த்தார்கள். பதினாறும் உட்கார்ந்தன.

தேர்வாளர் தொருன் பெர்கனிலிருந்து வந்திருந்தார், குட்டையான, அதிகம் சிரிக்காத பெண்மணி. முதலில் குன்றைச் சுற்றி நடந்தார். "கோடும் வீட்டு நம்பரும் தெரியற மாதிரி வெச்சிருக்கீங்க. படிக்க வசதியா இருக்கு" என்றார். எஸ்கில் இருமினான். நான் அவன் காலை மிதித்தேன்.

என் முறை பதினோராவது. நான் பேசி முடித்ததும் தொருன் குனிந்து என் பள்ளியின் முற்றத்தில் சுண்டுவிரலை வைத்தார். பெரிய ஜன்னல்களுக்கு முன்னால், பிள்ளைகள் வந்தவுடன் காலணி கழற்றும் இடம்.

"புள்ளைங்க எட்டு மணிக்கு வருவாங்க. அப்ப இங்க வெயில் இருக்குமா?"

துறைமுகத்துக்கு மேலே, கிழக்கே, மேசை விளக்கைச் சூரியனாகப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். காலையில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சூரியன் என் பள்ளியின் சமையலறைச் சுவருக்குப் பின்னால் உதித்திருக்கும்.

"இருக்கும்" என்றேன். "மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும்."

"நல்லது" என்று எதையோ எழுதிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு ஔதுன் பட்டியலைப் படித்தார். பதினாறு பெயர்கள், பதினாறு தேர்ச்சி. என் பெயர் வந்ததும் பக்கத்திலிருந்த யாரோ முதுகில் ஓங்கி அடித்தார்கள். நான் நேராகக் கிடங்குக்குப் போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை. அழ அழ உடம்பு லேசானது.

எஸ்கில் தேடிக்கொண்டு வந்தான். கதவிலேயே நின்றான்.

"ஏன்டா ஒட்டல?" என்று கேட்டேன். "உண்மையச் சொல்லு."

"பசை டப்பாவத் தொறந்துட்டேன், நெசமா. ஜன்னல் வழியாப் பாத்தா புதுப் பனி. அவ்வளவு அழகான பனி இந்த வருசத்துல விழவே இல்ல. ஸ்கீ எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அப்புறம் நீ கேட்டப்ப ஆச்சுன்னுட்டேன். ஒரு தடவ சொல்லிட்டா மாத்த முடியலயே." தலையைக் குனிந்துகொண்டான். "திட்டறதுன்னா திட்டிடு. நான் தயாரா வந்திருக்கேன்."

நான் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் பயந்துபோய்க் கையைத் தொங்கப் போட்டபடி நின்றான், பிறகு மெல்ல என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். எனக்கு அவனைத் திட்ட ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை, என் வாழ்நாளில் முதல் முறையாக.